டிப்ளாய் தவறியது ஸ்லாக்கில் ஏன் தெரியவில்லை?

கேள்வி: எங்கள் குழுவில் ஐந்து பேர். ஸ்டேஜிங், ப்ரொடக்‌ஷன் என்று இரண்டு குபர்நெட்டீஸ் கிளஸ்டர் (செயலிகளை ஓட்டும் சர்வர் தொகுப்பு) இருக்கிறது. கிட்டில் மெர்ஜ் செய்தால் ஃப்ளக்ஸ் தானாகவே டிப்ளாய் செய்துவிடும். ஸ்லாக்குக்கு அலர்ட் வைத்திருக்கிறோம். நாள் முழுக்கச் செய்தி கொட்டுவதால் சேனலை எல்லோரும் மியூட் செய்துவிட்டார்கள். போன வாரம் ப்ரொடக்‌ஷனில் புதிய பாட் (செயலியின் ஓடும் பிரதி) கிராஷ் ஆகிக்கொண்டே இருந்தது. பிறகு தேடிப் பார்த்தால், அதற்கு மட்டும் ஒரு செய்திகூட வந்திருக்கவில்லை. எங்கே கோளாறு?

பதில்: உங்கள் கேள்வியில் இருப்பது இரண்டு வேறு வேறு கோளாறுகள். செய்தி கொட்டுவது அலர்ட் அமைப்பில் உள்ள கோளாறு. பாட் கிராஷ் ஆனது தெரியாமல் போனதற்கும் அலர்ட்டுக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை. அது டிப்ளாய் அமைப்பில் இருக்கிறது. பலரும் அலர்ட்டின் யாமில் கோப்பைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்துச் சலித்துப்போவது இதனால்தான். ஃப்ளக்ஸுக்கே தெரியாத ஒன்றை அது உங்களுக்கு எப்படிச் சொல்லும்? அதனால் இரண்டாவது கோளாறிலிருந்தே தொடங்குவோம்.

எதை ஏற்ற வேண்டும் என்று ஃப்ளக்ஸுக்குச் சொல்லும் பொருளின் பெயர் கஸ்டமைசேஷன். அது இயல்பாகச் செய்வது இவ்வளவுதான்: கிட்டில் இருக்கும் யாமிலை எடுத்து கிளஸ்டரின் ஏபிஐ சர்வரிடம் கொடுக்கும். சர்வர் வாங்கிக்கொண்டால் வெற்றி என்று குறித்துவிடும். பார்சலை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ‘டெலிவர்டு’ போடும் கூரியர் மாதிரி. பாட் எழும்பியதா, ரெடினஸ் ப்ரோப் (பாட் வேலைக்குத் தயாரா என்று பார்க்கும் சோதனை) தேறியதா என்பதையெல்லாம் நீங்கள் கேட்டால்தான் பார்க்கும். கேட்க வேண்டிய இடம் கஸ்டமைசேஷனில் உள்ள ‘வெயிட்’ என்ற புலம். அதை ட்ரூ ஆக்கினால், தான் ஏற்றிய ஒவ்வொன்றும் தயாராகும்வரை ஃப்ளக்ஸ் காத்திருக்கும். ஆகாவிட்டால் ஹெல்த் செக் தவறியது என்று எரர் நிகழ்வு வரும். போன வாரம் உங்களுக்கு வராமல் போனது இந்த நிகழ்வுதான்.

கூடவே ‘டைம்அவுட்’டையும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஏறக்குறைய ‘இன்டர்வல்’ (ஃப்ளக்ஸ் மறுபடி சரிபார்க்கும் இடைவெளி) அளவுக்கே காத்திருக்கும். இன்டர்வல் ஒரு மணி நேரம் என்றால், தவறு தெரியவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். உங்கள் பாட் வழக்கமாக எவ்வளவு நேரத்தில் தயாராகிறது என்று பாருங்கள், இமேஜ் இறங்கும் நேரத்தையும் சேர்த்து. இரண்டு நிமிடம் என்றால் டைம்அவுட் 5 நிமிடம் போதும். ரொம்பக் குறைத்துவிட்டால் நன்றாக இருக்கும் டிப்ளாயும் தவறியதாகச் செய்தி வரும், மறுபடி யாரும் நம்பமாட்டார்கள்.

வெயிட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கஸ்டமைசேஷனில் இருபது சேவைகளை அடைத்து வைத்திருந்தால், அதில் எது தயாராகாவிட்டாலும் மொத்தமும் தவறியதாகக் கணக்கு. தயாராகாமல் நிற்கும் ஒரே ஒரு டிப்ளாய்மென்ட் (ஒரு செயலியின் பாட்களை ஓட்டும் பொருள்) போதும். அப்படி இருந்தால் செயலிக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். இப்போதைக்குப் பிரிக்க முடியாது என்றால் வெயிட்டை விட்டுவிட்டு, ‘ஹெல்த்செக்ஸ்’ பட்டியலில் முக்கியமான டிப்ளாய்மென்ட்களை மட்டும் பெயர் சொல்லி எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து எழுதிப் பயனில்லை, வெயிட் இருந்தால் பட்டியலை ஃப்ளக்ஸ் பார்க்காது. ஹெல்ம்ரிலீஸ் (ஹெல்ம் தொகுப்பை ஏற்றும் ஃப்ளக்ஸ் பொருள்) மூலம் டிப்ளாய் செய்பவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. அது இயல்பாகவே காத்திருக்கும், டைம்அவுட் 5 நிமிடம்.

சரி, இப்போது செய்தி வெள்ளத்துக்கு வருவோம். உங்கள் அலர்ட்டில் ‘ஈவென்ட்சிவியரிட்டி’ என்ற புலத்தை எழுதியிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எழுதாவிட்டால் அது இன்ஃபோ. இன்ஃபோ என்றால் தவறுகளோடு சேர்த்து மற்ற எல்லாமும் வரும்: புதிய கமிட் கிடைத்தது, யாமில் ஏற்றப்பட்டது, சார்ந்திருக்கும் இன்னொன்று தயாராகவில்லை, 30 விநாடி கழித்து மறுபடி முயல்கிறேன் என்று. எரர் என்று மாற்றினால் பெரும்பகுதி வடிந்துவிடும்.

‘டிப்ளாய் முடிந்தது’ என்ற நல்ல செய்தியும் வேண்டும் என்று குழுவில் ஒருவராவது கேட்பார். நியாயமான ஆசைதான். அதற்கு இன்னொரு சேனல், இன்னொரு அலர்ட். அதில் இன்ஃபோ வையுங்கள், ஆனால் ‘ஈவென்ட்சோர்சஸ்’ பட்டியலில் செயலிகளின் கஸ்டமைசேஷனும் ஹெல்ம்ரிலீஸும் மட்டும் இருக்கட்டும். கிட் ரெப்பாசிட்டரி, ஹெல்ம் ரெப்பாசிட்டரி எல்லாம் அங்கே வேண்டாம். எரர் அலர்ட்டில் மட்டும் அவையும் இருக்க வேண்டும், ஏனென்றால் கிட்டை அணுகும் கீ காலாவதியானால் முதலில் கத்துவது அவைதான்.

பட்டியலில் நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் பொருள்களைப் பிரித்து வைக்கும் பகுதி) எழுதாவிட்டால் அலர்ட் இருக்கும் நேம்ஸ்பேஸை மட்டுமே பார்க்கும். அலர்ட்டை ஃப்ளக்ஸ்-சிஸ்டத்தில் வைத்துவிட்டு, செயலிகளின் ஹெல்ம்ரிலீஸை வேறு நேம்ஸ்பேஸில் வைத்திருப்பவர்களுக்கு ‘செய்தியே வரவில்லை’ என்ற குறை பெரும்பாலும் இதனால்தான். அலர்ட்டும் அது சுட்டும் ப்ரோவைடரும் (செய்தி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பொருள்) மட்டும் ஒரே நேம்ஸ்பேஸில் இருந்தாக வேண்டும்.

சேனலுக்கு ஒரு ப்ரோவைடர் என்று இரண்டு எழுதுங்கள். ஸ்லாக்கின் இன்கமிங் வெப்ஹுக் ஒரு சேனலோடு கட்டுப்பட்டது, அதனால் ஸ்லாக்கில் ஒரு செயலி உருவாக்கி அதன் பாட் (bot) டோக்கனை வைப்பது வசதி: டோக்கன் இருக்கும் ஒரே சீக்ரெட்டை இரண்டு ப்ரோவைடருக்கும் பயன்படுத்தலாம். அந்தச் செயலிக்குச் சேனலில் எழுதும் அனுமதி வேண்டும், சேனலுக்குள் அதை அழைத்தும் இருக்க வேண்டும். டோக்கனோ வெப்ஹுக் முகவரியோ, எதையும் வெறுமனே கிட்டில் போடாதீர்கள். வெப்ஹுக் முகவரி கையில் இருந்தால் யாரும் உங்கள் சேனலில் எழுதலாம். சாப்ஸ் (SOPS) என்ற கருவி கொண்டு என்க்ரிப்ட் செய்து வைத்தால் ஃப்ளக்ஸே அவிழ்த்துக்கொள்ளும்.

இரண்டு கிளஸ்டரும் ஒரே சேனலுக்கு அனுப்பினால் இன்னொரு குழப்பம். இரண்டிலும் கஸ்டமைசேஷனின் பெயர் ஒன்றாகவே இருக்கும். தவறியது ஸ்டேஜிங்கா ப்ரொடக்‌ஷனா என்று செய்தியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ‘ஈவென்ட்மெட்டாடேட்டா’வில் கிளஸ்டரின் பெயரை எழுதிவிட்டால் ஒவ்வொரு செய்தியிலும் அது சேர்ந்து வரும். இரண்டு வரி வேலை, தள்ளிப்போடாதீர்கள்.

எரர் மட்டும் என்று வைத்தபின்னும் ஒரு தொல்லை மிஞ்சும். ஒரு டிப்ளாய் தவறி நின்றால், ஃப்ளக்ஸ் விடாமல் மறுபடி மறுபடி முயலும். ஒவ்வொரு முறையும் அதே செய்தி. ஒரே செய்தி திரும்ப வந்தால் ஃப்ளக்ஸில் செய்தி அனுப்பும் பகுதியான நோட்டிஃபிகேஷன் கன்ட்ரோலர் தடுக்கும்தான், ஆனால் இயல்பில் 5 நிமிடத்துக்கு மட்டும். டைம்அவுட் 5, ‘ரீட்ரைஇன்டர்வல்’ (தவறியபின் மறுபடி முயலும் இடைவெளி) 2 என்றால் ஏழு நிமிடத்துக்கு ஒரு செய்தி, மணிக்கு எட்டு. ரீட்ரைஇன்டர்வலைக் கூட்டினால் குறையும், ஆனால் திருத்தம் செய்து புதிய கமிட் தள்ளினால் அது உடனே எடுத்துக்கொள்ளப்படும் என்பதால் கூட்டுவதில் பெரிய நஷ்டமில்லை.

நெட்வொர்க் சிணுங்கல்களால் வரும் செய்தி வேறு ரகம். கிட் சர்வர் ஒரு நிமிடம் பதில் சொல்லாவிட்டாலும் எரர்தான். ‘எக்ஸ்க்ளூஷன்லிஸ்ட்’டில் ரெஜெக்ஸ் (எழுத்துத் தொடரைப் பொருத்திப் பார்க்கும் விதி) எழுதி அதைத் தடுக்கலாம். குறுகலாக எழுதுங்கள், நேரம் கடந்துவிட்டது என்ற செய்திக்கு மட்டும். கிட்டிலிருந்து எடுக்க முடியவில்லை என்பதையே மொத்தமாகத் தடுத்தால், கீ ரத்தானாலும் தெரியாது. டிப்ளாய் நின்றுபோய் எல்லாம் அமைதியாக இருக்கும்.

இங்கேதான் ஃப்ளக்ஸ் அலர்ட்டின் எல்லை. அது நடந்ததைச் சொல்லும். ‘15 நிமிடமாக இப்படியே இருக்கிறது’ என்று சொல்ல அதற்குத் தெரியாது. அந்த வேலைக்கு ப்ராமித்தியஸ் என்ற கண்காணிப்புக் கருவி. ஃப்ளக்ஸ் பொருள்களின் ரெடி நிலையை மெட்ரிக்காக (ப்ராமித்தியஸ் படிக்கும் எண்ணாக) காட்டும்படி குபே-ஸ்டேட்-மெட்ரிக்ஸ் என்ற கருவியை அமைக்கலாம், அதற்கான கான்ஃபிக் ஃப்ளக்ஸின் ஆவணங்களில் இருக்கிறது. ஏதாவது ஒன்று 15 நிமிடம் ரெடி ஆகாமல் இருந்தால் அலர்ட் என்று ஒரே ஒரு விதி எழுதினால் போதும். ப்ராமித்தியஸின் செய்தியை அனுப்பும் அலர்ட்மேனேஜர் அதையே அடிக்கடி கொட்டாது; ஸ்லாக் அமைப்பில் ‘சென்ட்_ரிசால்வ்டு’வை ட்ரூ ஆக்கினால், சரியானதும் சரியாகிவிட்டது என்றும் சொல்லும்.

இன்னொரு விதியும் எழுதுங்கள்: சஸ்பெண்ட் செய்யப்பட்டு (ஃப்ளக்ஸ் தொடாதபடி நிறுத்திவைக்கப்பட்டு) ஒரு நாளுக்கு மேல் கிடக்கும் கஸ்டமைசேஷன். யாரோ அவசரத்தில் சஸ்பெண்ட் செய்து கையால் எதையோ மாற்றிவிட்டு, மறந்துவிடுவார்கள். அதிலிருந்து நிகழ்வே பிறக்காது என்பதால் ஸ்லாக் வாயைத் திறக்காது. அதேபோல் நோட்டிஃபிகேஷன் கன்ட்ரோலர் விழுந்தால் அதைச் சொல்லவும் அதனால் முடியாது; அதையும் ப்ராமித்தியஸ்தான் பார்க்க வேண்டும். ப்ராமித்தியஸே நின்றுபோனால்? குபே-ப்ராமித்தியஸ் தொகுப்பில் எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும் ‘வாட்ச்டாக்’ என்ற அலர்ட் வருகிறது. அதைக் கிளஸ்டருக்கு வெளியே உள்ள ஒரு சேவைக்கு அனுப்பி, நின்றால் மட்டும் கத்தச் சொல்லுங்கள்.

டிப்ளாய் தவறினால் இரவில் போன் அடிக்க வேண்டுமா? என் கருத்து: வேண்டாம். ரோலிங் அப்டேட்டில் புதிய பாட் தயாராகும்வரை பழையவற்றில் பெரும்பகுதி ஓடிக்கொண்டுதான் இருக்கும், வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் போன வாரச் சம்பவமும் அப்படித்தான் இருந்திருக்கும். தூக்கத்தைக் கலைக்க வேண்டியது இணையதளம் பிழை கொடுக்கும்போது, அதை அளக்கும் அலர்ட் தனியாக இருக்கட்டும். ‘ரீக்ரியேட்’ முறையில், பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றும் செயலி ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் விதிவிலக்கு.

கிட்ஹப் பயன்படுத்தினால், கமிட்டின் பக்கத்திலேயே பச்சையோ சிவப்போ காட்டும் வகை ப்ரோவைடரையும் பாருங்கள். மெர்ஜ் செய்தவருக்கு அதுதான் நேரடியாகப் போகும். டோக்கனுக்குக் கமிட் ஸ்டேட்டஸ் எழுதும் அனுமதி வேண்டும். அலர்ட்டில் சோர்ஸாகக் கஸ்டமைசேஷனை வையுங்கள். இதற்கு மட்டும் சிவியரிட்டியை இன்ஃபோவாகவே வையுங்கள். எரர் என்று வைத்தால் வெற்றி நிகழ்வு போகாது, பச்சை விழவே விழாது. குறி விழுவது ஃப்ளக்ஸ் படிக்கும் ரெப்பாசிட்டரியின் கமிட்டில்; செயலியின் கோடு வேறு ரெப்பாசிட்டரியில் இருந்தால் அங்கே தேடாதீர்கள்.

எல்லாம் எழுதியபின் ஸ்டேஜிங்கில் வேண்டுமென்றே இரண்டு தவறு செய்து பாருங்கள். முதலில் யாமிலின் உள்தள்ளலைக் கெடுத்து ஒரு கமிட். எடுத்த உடனே எரர் வர வேண்டும். அதைச் சரிசெய்துவிட்டு, இல்லாத இமேஜ் டேக் ஒன்றை எழுதி இன்னொரு கமிட். இது டைம்அவுட் முடிந்தபின்தான் வரும், பொறுமையாக இருங்கள். முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால் வெயிட் சரியாக எழுதப்படவில்லை.

இரண்டுமே வராவிட்டால் நோட்டிஃபிகேஷன் கன்ட்ரோலரின் லாகைப் பாருங்கள். ஃப்ளக்ஸ் 2.2-ல் வந்த ஏபிஐ பதிப்பிலிருந்து அலர்ட்டுக்கும் ப்ரோவைடருக்கும் ஸ்டேட்டஸே கிடையாது, அதனால் ‘ரெடி’ என்று பார்த்து ஆறுதல் கொள்ள முடியாது. அனுப்ப முடியாமல் போனது லாகிலும், அலர்ட்டின் மேல் பதியும் குபர்நெட்டீஸ் நிகழ்விலும்தான் தெரியும். அந்த நிகழ்வுகள் இயல்பில் ஒரு மணி நேரம்தான் நிற்கும், உடனே பார்த்துவிடுங்கள். சோதனை முடிந்து டேக்கைத் திருத்தியதும் எரர் சேனலில் ‘சரியாகிவிட்டது’ என்று எதுவும் வராது. அது இன்ஃபோ நிகழ்வு, மற்ற சேனலில் பாருங்கள்.