ஸ்டென்ட் வைத்த அப்பாவைச் சொகுசுக் கப்பலில் அழைத்துப் போகலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. பத்து மாதங்களுக்கு முன் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இருபது வருடங்களாகச் சர்க்கரை நோய். இரவில் கிளார்ஜின் இன்சுலின், மாத்திரைகளில் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் எடுக்கிறார். அம்மாவுக்கு 61. நோய் என்று எதுவும் இல்லை. ஆனால் பஸ் கொடைக்கானல் மலையில் ஏறத் தொடங்கினாலே வாந்தி. மே விடுமுறையில் சிங்கப்பூரில் கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்பும் 4 இரவுப் பயணத்துக்கு யோசிக்கிறோம். நடுக்கடலில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். போகலாமா? – வாசகி, மதுரை.

பதில்: போகலாம். ஆனால் உறவினர்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ அதைவிட, அவர்கள் யோசிக்காத ஒன்றுதான் உங்கள் அப்பாவுக்குப் பெரிய ஆபத்து. மாரடைப்பு அல்ல, வயிற்றுப்போக்கு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இதயம்.

ஸ்டென்ட் வைத்துப் பத்து மாதம் ஆகி, நெஞ்சு வலி இல்லாமல், நிற்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறது என்றால் கப்பல் பயணத்துக்கு இதயம் தடையில்லை. ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ, ஒரு மாடிக்கே மூச்சு வாங்கினாலோ, சமீபத்தில் கால் வீங்கத் தொடங்கியிருந்தாலோ டிக்கெட் போடாதீர்கள். இதய மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் ஒரு நாள்கூட விடக் கூடாது. ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து அடைப்பதற்கு மாத்திரையை நிறுத்துவது ஒரு முக்கியக் காரணம்.

பெரிய கப்பல்களில் மருத்துவரும் செவிலியர்களும் இருக்கிறார்கள். இசிஜி, அடிப்படை ரத்தப் பரிசோதனை, ஆக்சிஜன், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி வரை செய்வார்கள். ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய முடியாது, அறுவை சிகிச்சை முடியாது, ரத்த வங்கி கிடையாது. நிலைமை மோசமானால் அருகிலுள்ள துறைமுகத்தில் இறக்கி அந்த ஊர் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அதனால் உங்கள் பயணத்திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. மலாக்கா நீரிணை வழியே போகும் இந்தக் கப்பல் கரையை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. தொடர்ந்து மூன்று நான்கு நாள் கடலிலேயே மிதக்கும் நீண்ட பயணமாக இருந்தால், முதல் முறையாக வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்பாவின் பழைய இசிஜியின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு இசிஜியில் பழைய மாற்றங்கள் இருக்கலாம். கப்பல் மருத்துவர் புதிதாக ஒன்று எடுத்துப் பார்க்கும்போது, பழையதோடு ஒப்பிட்டால்தான் இது இன்று வந்ததா, முன்பே இருந்ததா என்று சொல்ல முடியும். கூடவே ஆஞ்சியோ அறிக்கை, எக்கோ அறிக்கை, மருந்துகளின் மூலப்பெயரும் அளவும் எழுதிய ஒரு தாள். பிராண்ட் பெயர் மட்டும் எழுதினால் வெளிநாட்டு மருத்துவருக்குப் புரியாது.

இப்போது வயிற்றுப்போக்கு. கப்பல்களில் கூட்டமாகப் பரவும் வாந்தி பேதிக்குப் பெரும்பாலும் நோரோ வைரஸ்தான் காரணம். கிருமி உள்ளே போன 12 முதல் 48 மணி நேரத்தில் தொடங்கி, ஒன்றிலிருந்து மூன்று நாள் படுத்தும். ஆரோக்கியமானவருக்கு அது வெறும் அவதி. அப்பா எடுக்கும் மாத்திரைகளோடு சேரும்போது கதை வேறு. உடம்பில் நீர் வற்றிய நிலையில் டெல்மிசார்டன் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீரகம் தடுமாறினால் மெட்ஃபார்மின் உடம்பிலேயே தங்கி ரத்தத்தில் அமிலம் சேரலாம். டாபாகிளிஃப்ளோசின் இன்னும் தந்திரமானது. சாப்பிடாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இது ரத்தத்தில் கீட்டோன் அமிலத்தை (உடம்பு சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது உண்டாவது) ஏற்றிவிடக்கூடும். அப்போது குளுக்கோமீட்டரில் 180, 200 என்றுதான் காட்டும். ‘சுகர் ஒன்றும் அவ்வளவு ஏறவில்லையே’ என்று எல்லோரும் ஏமாந்துபோவார்கள்.

ஆகவே கிளம்புவதற்கு முன் சர்க்கரை மருத்துவரிடம் ‘வாந்தி பேதி வந்தால் எதை நிறுத்துவது’ என்று எழுதி வாங்குங்கள். பொதுவாகச் சொல்வது இது: வாந்தி பேதி தொடங்கியதும் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், டெல்மிசார்டன் மூன்றையும் நிறுத்த வேண்டும். வழக்கம்போல் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் ஆனபின் மீண்டும் தொடங்கலாம். கிளார்ஜினை முழுதாக நிறுத்தக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்து, அளவைக் குறைக்க வேண்டுமா என்று கப்பல் மருத்துவரைக் கேளுங்கள். வாந்தியோடு வயிற்று வலியும் வேகமான மூச்சும் சேர்ந்தால், மீட்டர் என்ன காட்டினாலும் சரி, டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர் என்பதைச் சொல்லிக் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓஆர்எஸ் எடுத்துப் போங்கள், 200 மி.லி. தண்ணீருக்கான சிறிய பாக்கெட்டாக. காரணம் இருக்கிறது. ஒரு லிட்டர் பாக்கெட்டைக் கையில் கிடைத்த 500 மி.லி. பாட்டிலில் கொட்டிக் கலக்கிவிடுகிறார்கள். உப்பும் குளுக்கோஸும் இரட்டிப்பாகி, பேதி இன்னும் கூடும். சர்க்கரை நோயாளி ஓஆர்எஸ் குடிக்கலாமா என்ற தயக்கம் வேண்டாம். சரியாகக் கலந்த 200 மி.லி.யில் குளுக்கோஸ் 3 கிராமுக்கும் குறைவு. ஒவ்வொரு முறை பேதி போனதும் ஒரு டம்ளர், மெதுவாக. எக்கோவில் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைவு என்று எழுதியிருந்தால் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வராமல் தடுப்பது சுலபம், ஆனால் நம் ஆட்கள் ஓர் இடத்தில் தவறுகிறார்கள். உணவுக்கூட வாசலில் சானிடைசரை இரண்டு சொட்டு தேய்த்துக்கொண்டு உள்ளே போகிறோம். நோரோ வைரஸை ஆல்கஹால் சரியாகக் கொல்வதில்லை; சோப்பும் ஓடும் தண்ணீரும் 20 விநாடியும் வேண்டும். அதையும் செய்துவிட்டுத்தான் வரிசையில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சாதக் கரண்டி, சாம்பார்க் கரண்டி, சட்னிக் கரண்டி என்று நமக்கு முன்னால் நூறு பேர் பிடித்த கைப்பிடிகளை வரிசையாகப் பிடித்துவிட்டு, அதே விரல்களால் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கிறோம். கையால் சாப்பிடுகிறவர்கள் தட்டை மேஜையில் வைத்த பிறகுதான் கை கழுவ வேண்டும். ஒரு ஆள் தட்டைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் போய்க் கழுவி வரலாம். அப்பா அம்மாவுக்குப் பரிமாறி எடுத்துவரும் வேலையை நீங்களே ஏற்றுக்கொள்வது இன்னும் நல்லது.

பேதி வந்தால் கப்பல் மருத்துவமனையிடம் மறைக்காதீர்கள். அறையிலேயே இருக்கச் சொல்வார்கள், அறிகுறிகள் நின்று ஒரு நாள் இரண்டு நாள் வரை. ஊர் சுற்றுவது போகும்தான். மறைத்துவிட்டு புக்கெட் வெயிலில் இறங்குவது அப்பாவுக்கு ஆபத்து, மற்ற பயணிகளுக்கும் ஆபத்து.

அம்மாவின் வாந்திக்கு வருகிறேன். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறது’ என்கிறது, சுவரைப் பார்க்கும் கண் ‘ஆடவில்லை’ என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். கப்பல் சீசா பலகை மாதிரி; இரு முனைகளும்தான் அதிகம் ஏறி இறங்கும். நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில், ஜன்னல் உள்ள அறையாகக் கேளுங்கள். குமட்டினால் படுத்துப் போனைப் பார்க்காமல், வெளியே வந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். மாத்திரை என்றால் புரோமெதசின் தியோக்ளேட் 25 மி.கி., அவோமின் என்று கிடைப்பது. கப்பல் ஏறுவதற்கு முந்தைய இரவு படுக்கும்போது ஒன்று, பிறகு இரவுக்கு ஒன்று. இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும்; தேவையில்லை என்றால் விட்டுவிடலாம். வாந்தி தொடங்கிய பின் போட்டால் பெரிய பலன் இல்லை. தூக்கம் வரும் மாத்திரை என்பதால், மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஊரிலேயே ஓர் இரவு போட்டுப் பாருங்கள். எமெசெட் போன்ற ஆன்டான்செட்ரான் மாத்திரைகள் பயண வாந்தியைத் தடுக்காது.

அம்மாவின் இந்த மாத்திரையை அப்பா தொடவே கூடாது. புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு இந்த வகை மருந்து சிறுநீரை அடைத்துவிடும். அவருக்குக் குமட்டினால் கப்பல் மருத்துவரிடம் போகட்டும்.

மாதம் பற்றி ஒரு வார்த்தை. மே பாதிக்கு மேல் தென்மேற்குப் பருவக்காற்றால் புக்கெட் பக்கம் அந்தமான் கடலில் அலை கூடும். ஏப்ரலுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். புக்கெட்டில் பல கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு, சிறு படகில் கரைக்குக் கூட்டிப் போகின்றன. கப்பலின் மேடையும் படகும் ஒன்று ஏற ஒன்று இறங்க ஆடிக்கொண்டிருக்கும்போது காலை எடுத்துவைக்க வேண்டும். ஊழியர் கை கொடுப்பார். அலை அதிகமாக இருந்தால் அப்பா அன்று கப்பலிலேயே இருக்கட்டும். டாம்சுலோசின் எடுப்பவருக்கு எழுந்ததும் தலை சுற்றலாம். பல கப்பல் குளியலறைகளின் வாசலில் கால் இடறும் உயரத்தில் படி இருக்கும். இரவில் சிறுநீருக்கு எழுந்தால் ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு, விளக்கைப் போட்டுப் போகச் சொல்லுங்கள்.

மருந்துகளைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டு விடுவார்கள். அறைக்கு வர மாலையோ இரவோ ஆகும். எல்லா மருந்தும் கைப்பையில், தேவைக்கு மேல் நான்கைந்து நாளுக்குச் சேர்த்து. இன்சுலினை விமானத்திலும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பகுதியில் உறைந்துவிடக்கூடும். பயன்பாட்டில் உள்ள கிளார்ஜின் பேனா 30 டிகிரிக்குக் கீழே 28 நாள் தாங்கும். ஏசி அறை போதும். பிரிக்காத பேனாவுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். அறையிலுள்ள மினிபாரை நம்பாமல், மருந்துக்கான ஃபிரிட்ஜும் பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுவைக்கும் டப்பாவும் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு ஊசியை அங்குள்ள இரவு நேரத்திலேயே போடலாம், அளவை மாற்ற வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்தோ அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையோ யாரிடமாவது இருந்தால் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன் அனுமதி வாங்காமல் கொண்டுபோகாதீர்கள்.

காப்பீடு எடுக்கும்போது மூன்று கேள்விகள்: கப்பல் பயணம் சேருமா, ஏற்கனவே உள்ள சர்க்கரையும் ஸ்டென்ட்டும் சேருமா, கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் செலவு சேருமா. நோய்களை மறைத்து எடுத்த பாலிசி உதவாது. கப்பல் மருத்துவமனையின் கட்டணம் பெரும்பாலும் டாலரில், அறைக் கணக்கில் ஏறும்; நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கோர வேண்டும். விவரமான ரசீது வாங்காமல் இறங்காதீர்கள்.

ஊர் திரும்பிய பிறகும் ஓரிரு நாள் அம்மாவுக்குத் தரை ஆடுவதுபோல் இருக்கும், கண்ணை மூடினால் கட்டில் மிதக்கும். அது தானாகவே அடங்கும், மாத்திரை வேண்டாம். ஆனால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அந்த ஆட்டத்தோடு வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பது என்று எது சேர்ந்தாலும் கப்பல் மேல் பழி போட்டுக் காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள்.