குடும்பப் பெயருக்குக் கேடயச் சின்னம் உண்டா?

கேள்வி: லண்டனில் பணியாற்றுகிறேன். ஓய்வு பெறவிருக்கும் எங்கள் ஆங்கிலேய மேலாளருக்கு அவருடைய குடும்பப் பெயருக்குரிய கேடயச் சின்னத்தை மரப்பலகையில் செதுக்கிப் பரிசளிக்க எண்ணுகிறோம். பெயரைத் தட்டியதும் இணையக் கடை ஒன்று சின்னத்தைக் காட்டுகிறது. நம்பி வாங்கலாமா? அதைப் பார்த்துப் பொருள் கொள்வது எப்படி?

பதில்: அழகுப் பொருளாக வாங்கலாம், "உங்கள் குடும்பச் சின்னம்" என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். 'கோட் ஆஃப் ஆர்ம்ஸ்' என்பதை நாம் 'குலச்சின்னம்' என்று சொல்லிப் பழகிவிட்டதே குழப்பத்தின் வேர். இங்கிலாந்தில் அது குலத்துக்கோ பெயருக்கோ உரியதன்று. ஒரு தனி மனிதருக்கு வழங்கப்பட்டு, அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கு இறங்கும் உரிமை. ஒரே குடும்பப் பெயர் கொண்ட பத்துப் பேருக்குப் பத்து வேறு சின்னங்கள் இருக்கலாம். பெரும்பாலோருக்கு ஒன்றுமே இராது. கடைக்காரர் அந்தப் பெயருடைய யாரோ ஒருவரின் சின்னத்தை எடுத்து எல்லாருக்கும் விற்கிறார்.

இந்த உரிமையை எவ்வளவு தீவிரமாகக் கருதினார்கள் என்பதற்கு ஒரு வழக்கே சான்று. 1385-இல் ஸ்காட்லாந்துப் படையெடுப்பின்போது, நீலக் களத்தில் (கேடயத்தின் பரப்பில்) பொன்னிறச் சரிவுப் பட்டை என்ற ஒரே சின்னத்தை ரிச்சர்ட் ஸ்க்ரோப், ராபர்ட் குரோவ்னர் ஆகிய இருவரும் தாங்கி வந்தது தெரிந்தது. மறு ஆண்டு சாட்சி சொன்னவர்களில் கவிஞர் சாசரும் ஒருவர். லண்டன் ஃபிரைடே தெருவில் நடந்தபோது புதிதாகத் தொங்கிய சின்னத்தைக் கண்டு, ஸ்க்ரோப்பின் சின்னத்தை மாட்டியிருக்கும் இந்த விடுதி எது என்று தாம் கேட்டதாகவும், அது ஸ்க்ரோப்புடையதன்று, குரோவ்னருடையது என்று பதில் வந்ததாகவும், அந்தப் பெயரையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டதாகவும் அவர் கூறினார். வழக்கு 1390 வரை இழுத்தது, குரோவ்னர் தோற்றார்.

இனி, சின்னத்தைப் படிக்கும் முறை. கேடயத்தைக் கையில் பிடித்திருப்பவரின் வலமும் இடமுமே கணக்கு. ஆகவே பார்ப்பவருக்கு இடப்பக்கம் தெரிவது 'வலம்' எனப்படும். முதலில் களத்தின் நிறத்தைச் சொல்லி, பிறகு அதன்மேல் உள்ள உருவத்தைச் சொல்வார்கள். பொன்னும் வெள்ளியும் 'உலோகங்கள்'. சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை, ஊதா ஆகியவை 'வண்ணங்கள்'. உலோகத்தின்மேல் உலோகமும் வண்ணத்தின்மேல் வண்ணமும் வரக்கூடாது என்பது அடிப்படை விதி. தொலைவிலிருந்து பார்த்தாலும் உருவம் பளிச்செனப் பிரிந்து தெரிய வேண்டும் அல்லவா! இங்கிலாந்து மன்னர்களின் மூன்று சிங்கங்கள் சிவப்பின்மேல் பொன்னாக இருப்பது இவ்விதிக்கு உட்பட்டதே.

உங்கள் பலகையில் வண்ணம் இராது என்பதால் நிறத்தைக் குறிக்கும் கோடுகளைக் கவனியுங்கள். செங்குத்துக் கோடுகள் சிவப்பு, கிடைக்கோடுகள் நீலம், இரண்டும் குறுக்கிட்டால் கருப்பு, புள்ளிகள் பொன், வெறுமையாக விட்டது வெள்ளி. செதுக்குபவர் 'அலங்காரத்துக்காக' நாலு கோடு கூடுதலாகப் போட்டால் நிறமே மாறிவிடும். முழுச் சின்னத்தையும் 'கிரெஸ்ட்' என்று கடைகள் அழைப்பதும் பிழை. தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவத்துக்கு மட்டுமே அப்பெயர்.

மேலாளருக்கு உண்மையிலேயே உரிமை உண்டா என்று அறிய, அவருடைய பாட்டனாரின் பெயரையும் ஊரையும் பேச்சுவாக்கில் கேட்டறிந்து, லண்டன் குயின் விக்டோரியா தெருவில் உள்ள, சின்னங்களைப் பதிவு செய்யும் அமைப்பான காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸுக்கு எழுதுங்கள். மூன்றாம் ரிச்சர்ட் 1484-இல் பட்டயம் அளித்த அந்த அமைப்பு இன்றும் பதிவேடுகளைப் பேணி வருகிறது; பதிவேட்டைத் தேடித் தரக் கட்டணம் உண்டு. அவருடைய முன்னோர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர்கள் என்றால் எடின்பரோவில் உள்ள, அந்நாட்டுச் சின்னங்களைக் கவனிக்கும் அதிகாரியான லார்ட் லயனின் அலுவலகத்தை அணுக வேண்டும். அங்கே பிறர் சின்னத்தைத் தமதெனக் காட்டுவது சட்டப்படி குற்றம். தேடலில் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் பலகையைக் கைவிட வேண்டியதில்லை. சின்னம் யாருடையது எனக் கடையில் கேட்டுப் பெற்று, "இப்பெயர் கொண்ட இன்னார் தாங்கிய சின்னம்" என்று அடியில் பொறித்துவிடுங்கள்.