நோரெபோர்ட்டில் துறைமுகம் இல்லை

கேள்வி: மேற்படிப்புக்காக கோபன்ஹேகன் போகிறேன். டேனிஷ் பாடத்தில் வடக்கு 'நோர்ட்', தெற்கு 'சூட்', கிழக்கு 'ஓஸ்ட்', மேற்கு 'வெஸ்ட்' என்று படித்தேன். வரைபடத்தைத் திறந்தால் நோரெபோர்ட், ஓஸ்டர்ப்ரோ, வெஸ்டர்ப்ரோ என்று வருகிறதே! எதைச் சொல்லிப் பழகுவது?

பதில்: பேச்சுக்கு நீங்கள் படித்த நான்கும் போதும். நோரெ, சோனர், ஓஸ்டர், வெஸ்டர் என்பவை பழைய வடிவங்கள். இன்று பெரும்பாலும் ஊர், தெருப் பெயர்களில்தான் மிச்சம். மதுரையில் வழி கேட்டால் 'கிழக்கே போங்க' என்பார்கள். தெருவின் பெயரோ 'கீழ' மாசி வீதி. அதே கதைதான்.

'போர்ட்' என்றதும் துறைமுகத்தைத் தேடாதீர்கள். டேனிஷில் அது வாசல். அந்தக் காலத்து நகரைச் சுற்றி மதில் இருந்தது. அதில் வடவாசல் நோரெபோர்ட், கீழவாசல் ஓஸ்டர்போர்ட், மேலவாசல் வெஸ்டர்போர்ட். 1850-களில் வாசல்களை இடித்துவிட்டார்கள். பெயர்கள் ரயில் நிலையங்களில் நிற்கின்றன. தெற்கு வாசல் அமாயர் தீவைப் பார்த்திருந்ததால் அதற்குத் தீவின் பெயரே வந்தது. 'ப்ரோ' என்றால் இன்றைய டேனிஷில் பாலம். ஆனால் வெஸ்டர்ப்ரோவில் நீங்கள் பாலத்தைத் தேட வேண்டாம். அங்கே அந்தச் சொல் குறிப்பது வாசலுக்கு வெளியே கல் பாவிய சாலையை.

பின்னால் வந்த துறைமுகப் பகுதிகளுக்கோ நோர்ட்ஹவ்ன், சூட்ஹவ்ன் என்று புது வடிவத்தில் பெயர். ஆக, பெயரை வைத்தே இடத்தின் வயதை ஓரளவு ஊகிக்கலாம். 'சூட்' வட ஜெர்மன் பேச்சிலிருந்து வந்த இரவல் சொல். மண்ணின் சொல் 'சோனர்'தான். எனக்கென்னவோ பழையதுதான் காதுக்கு இதம்.

வேரைக் கேட்டால், 'ஓஸ்ட்' விடியலோடும் 'வெஸ்ட்' மாலையோடும் உறவுள்ள சொற்கள்.

அப்புறம், பாலம் தாண்டி ஸ்வீடனின் மால்மோவுக்குப் போனால் கணக்கு மாறும். அங்கே நோர், சோடர், ஓஸ்டர், வெஸ்டர் என்பவைதான் அன்றாடப் பேச்சு. ஸ்டாக்ஹோமில் சோடர்மால்ம் பகுதியையே சுருக்கமாக 'சோடர்' என்பார்கள்.

இன்னொன்று: வானிலையில் 'வெஸ்டன்வின்' என்று வந்தால் மேற்கிலிருந்து வரும் காற்று, நம் மேல்காற்று போல. கோபன்ஹேகனில் எப்படியும் சைக்கிள் வாங்குவீர்கள். மேல்காற்று வீசும் நாளில் மேற்கே மிதித்தால் காற்று முகத்தில்தான் அடிக்கும். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள்.