துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, காசநோய்க்காக ஆஸ்பத்திரித் தனி அறையில் இருந்துவிட்டு, துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீடு திரும்பியவர்களோ அவர்கள் வீட்டாரோ எழுதியவை. மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளி வைத்துவிட்டேன்.

அப்பாவைத் தனி அறையில் இரண்டு கிழமை வைத்திருந்துவிட்டுத் துண்டு வெட்டிவிட்டார்கள். சளியில் இன்னும் கிருமி தெரிகிறது என்று அட்டையில் இருக்கிறதே, அவசரப்பட்டுவிட்டார்களா? (உப்புவெளி)

இல்லை. கிருமிக்குப் பொருத்தமான மருந்து உள்ளே போகத் தொடங்கினால் தொற்றும் வலு மளமளவென்று குறையும். நுணுக்குக்காட்டியில் உயிருள்ள கிருமியும் செத்த கிருமியும் ஒரே சிவப்புக் கோடாகத்தான் தெரியும். இருமல் குறைந்ததா, காய்ச்சல் விட்டதா, பசி எடுக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். இரண்டு மாத முடிவில் மறுபடி சளி கேட்பார்கள். விடியற்காலையில் எழும்பி, நெஞ்சின் அடியிலிருந்து காறி எடுத்த சளியைக் கொண்டு போங்கள். எச்சிலைக் கொடுத்தால் அந்தப் பரிசோதனை வீண். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், குளிசையை ஒரு நாளும் விட வேண்டாம்.

சலம் செம்மஞ்சளாகப் போகிறது. இரத்தமா?

ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம். கண்ணீரும் வியர்வையும்கூட அப்படித்தான் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளானால், சாப்பாட்டைக் கண்டாலே சத்தி வந்தால், அது வேறு கதை: ஈரல் தாங்கவில்லை என்று அர்த்தம். அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.

எனக்கு நல்லாகிவிட்டது. எடையும் 4 கிலோ கூடியிருக்கிறது. அந்தப் பெரிய சிவப்புக் குளிசையை நிற்பாட்டலாமா?

இந்தக் கடிதத்தில் வயது இல்லை, ஊர் இல்லை, மருந்து தொடங்கி எத்தனையாம் மாதம் என்றும் இல்லை. "பெரிய சிவப்புக் குளிசை" என்றால் நான் எதை என்று எடுத்துக்கொள்வது? அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். எந்த மாதமானாலும் நிற்பாட்டக் கூடாது என்பதுதான் பதில். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு நாலு மாதம் இரண்டு மருந்து, எல்லாமாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதத்தில் பெரும்பாலான கிருமி செத்துப் போகும், ஆளும் தேறுவார். மிச்சம் இருப்பது தூங்கும் கிருமி. அதை விட்டுவைத்தால் மருந்துக்கு அடங்காததாக எழும்பி வரும். உங்களுக்கு நல்லாகியிருப்பது குளிசையால்தான், அதை நிற்பாட்ட அதுவே காரணமாகாது.

நான் திருக்கடலூர், கடல் தொழில். மருந்து எடுக்கும்போது மீன் சாப்பிடக் கூடாது என்று தாதி சொன்னார். மீன் இல்லாமல் எப்படி?

மீனே கூடாது என்று சொல்லியிருக்கமாட்டார், சூரையைத்தான் சொல்லியிருப்பார். காசநோய் மருந்துகளில் ஒன்றான ஐசோனியாசிட் குளிசை எடுப்பவர் சூரை, கும்பளா, சாளை சாப்பிட்டால், அந்த மீன்களில் சேரும் ஹிஸ்டமின் என்ற பொருளை உடம்பால் உடைத்துத் தள்ள முடியாமல் போகலாம். ஒருவர் கிளினிக் வாங்கில் வந்து உட்கார்ந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முகமும் கழுத்தும் செங்கல் நிறம், கண் இரத்தமாய்ச் சிவந்திருக்கிறது, கையால் நெஞ்சைப் பிடித்தபடி "படபடக்குது டொக்டர்" என்கிறார். சூரைக் குழம்பு சாப்பிட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. இதை ஆராய்ந்து 1977 அளவிலேயே எழுதியவர்களில் நம் இலங்கையின் மார்பு நோய் நிபுணர் சி. ஜி. ஊரகொடவும் ஒருவர்.

நன்றாகக் கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், ஹிஸ்டமின் சூட்டில் அழியாது. சம்பலில் போடும் மாசியும் சூரைதான். டின்மீனும் வேண்டாம். விளமீன், கொடுவா, ஓரா எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். ஆறு மாதம் முடிந்தபின் சூரைக்குத் திரும்பலாம்.

அம்மா வார்டிலிருந்து வந்து ஒரு மாதம். கோப்பை, பேணி, பாய் எல்லாம் வேறாக வைத்து, பின் அறையில் விட்டிருக்கிறோம். குளிர் படாமல் ஜன்னலையும் சாத்தியே வைத்திருக்கிறோம். இன்னும் எத்தனை நாள் இப்படி? (திருகோணமலை நகரம்)

ஒரு நாளும் வேண்டாம். இன்றைக்கே அந்தக் கோப்பையை மற்றக் கோப்பைகளோடு அடுக்கி வையுங்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னால் சுருக்கமாகப் பதில் எழுத முடிவதில்லை.

காசநோய் கோப்பையால் பரவாது. பேணியால், பாயால், உடுப்பால் பரவாது. மருந்து தொடங்காத ஒருவர் இருமும்போது வரும் கண்ணுக்குத் தெரியாத துளி காற்றில் மிதக்கிறது. அதை மற்றவர் மூச்சோடு இழுத்தால்தான் தொற்று. காற்று ஓடினால் அந்தத் துளி கலைந்து போகும், வெயில் பட்டால் கிருமி சாகும். அப்படியென்றால் நீங்கள் செய்திருப்பது என்ன? ஆபத்தில்லாத கோப்பையைப் பிரித்துவிட்டு, திறந்திருக்க வேண்டிய ஜன்னலைச் சாத்தியிருக்கிறீர்கள். நான் பார்த்த வீடுகளில் பாதியிலாவது இதே பிழைதான்.

நான் சிறுவனாக இருந்தபோது என் பெரியம்மாவுக்குச் 'சயரோகம்' வந்து மாறியது. குசினிக்கு வெளியே, கிணற்றடிச் சுவரில் ஓர் ஆணி. அதில் அவருடைய பேணி தொங்கும். விளிம்பில் நீலப் பூச்சு உரிந்து கறுப்புத் தெரியும். தேத்தண்ணியை யாராவது உயரத்திலிருந்து அதற்குள் ஊற்றுவார்கள், பேணி பேணியில் முட்டாமல். வருத்தம் மாறிப் பன்னிரண்டு வருடம் பெரியம்மா உயிரோடு இருந்தார். கடைசி நாள் வரைக்கும் அந்த ஆணியிலிருந்துதான் பேணியை எடுத்தார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. எடுத்துவிடலாம் என்று எவரும் வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'வீட்டுக்கு வந்தால் எல்லோருக்கும் தொற்றும்' என்ற பயத்துக்கு மருத்துவம் எப்போதோ பதில் கண்டுவிட்டது, அதுவும் நம் பக்கத்திலேயே. 1950-களின் பிற்பாதியில் சென்னையில் காசநோயாளர் ஏறக்குறைய 200 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு சானட்டோரியத்தில் கட்டில், நல்ல சாப்பாடு, ஓய்வு. மற்றப் பாதிக்கு அவரவர் வீட்டிலேயே மருந்து மட்டும். நெருக்கடியான வீடுகள், ஏழைச் சாப்பாடு. ஒரு வருட முடிவில் இரு பகுதியும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தன. வீட்டாரையும் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்திய மாதங்களில்தான் ஆபத்து அதிகம். இன்று உலகம் முழுக்க நோயாளியை வீட்டுக்கு அனுப்ப முடிகிறதென்றால் அந்த ஆய்வுக்கும் அதில் பங்குண்டு.

அம்மாவை விறாந்தைக்கு அழைத்து வாருங்கள். ஜன்னலைத் திறந்து விடுங்கள். இருமினால் வாயை மூடட்டும். நாலு பேரோடு இருந்து ஒரே சட்டியிலிருந்து சாப்பிடட்டும். குளிசையை விட வேண்டாம்.

வீட்டில் மூன்று வயதுப் பேரன். பிறந்தபோது பி.சி.ஜி. போட்டாயிற்று. போதுமா?

போதாது. பி.சி.ஜி. சின்னப் பிள்ளைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடும் வடிவங்களிலிருந்து காக்கும், எல்லாவற்றையும் தடுக்காது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் மார்பு நோய்க் கிளினிக்கில் காட்டியே ஆக வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்தால் ஒளிக்காமல் எல்லோருடைய பெயரையும் கொடுங்கள்.

நோன்பு வருகிறது. எனக்கு மூன்றாம் மாதம், காலையில் வெறும் வயிற்றில் குளிசை. (கிண்ணியா)

இவர் மாதத்தையும் நேரத்தையும் ஒழுங்காக எழுதியிருக்கிறார், நன்றி. நாளைக்கு ஒரு தடவைதான் என்பதால் நேரத்தை மாற்றலாம். சஹருக்கு எழும்பியதும் விழுங்கிவிட்டு, அரை மணி கழித்துச் சாப்பிடுங்கள். மருந்து தருபவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இன்னும் எடை ஏறாதவர்களும், நீரிழிவு உள்ளவர்களும் முதலில் டொக்டரோடு கதையுங்கள். நோயாளி விட்ட நோன்பைப் பிறகு நோற்றுக் கழாச் செய்ய மார்க்கத்திலேயே இடமிருக்கிறது.

கர்ப்பத்தடைக் குளிசையும் எடுக்கிறேன். பரவாயில்லையா?

ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் கெடுக்கும். வேறு முறைக்கு மாறுங்கள், இந்தக் கிழமையே.

அண்ணனை மாதக்கணக்கில் வெலிசறை மார்பு நோய் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரர் 15 நாளில் போய்விட்டாராம்.

மருந்துக்கு அடங்காத காசநோயாக இருக்கும். அதற்குக் கணக்கு வேறு: கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கே கிழமைகள் ஆகும். பக்கத்துக் கட்டிலோடு ஒப்பிட வேண்டாம். வாரத்தில் இரண்டு முறையாவது கூப்பிட்டுக் கதையுங்கள். தனிமையில் மனம் உடைந்து கையெழுத்து வைத்துவிட்டு வெளியேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் திரும்பி வந்த நிலையையும் பார்த்திருக்கிறேன்.

கோட்டைக்குள் மலை மேல் இருக்கும் கோணேசர் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். எப்போது ஏறலாம்?

கோட்டை வாசலிலிருந்து நடந்து பாருங்கள். நடந்தபடியே ஒரு வசனத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க முடிந்தால் மெதுவாக மேலே போகலாம். முடியாவிட்டால் ஓட்டோவில் போங்கள். சளியில் இரத்தம் கண்டால் மட்டும் கோயிலுக்கல்ல, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகிற நாளும் காலைக் குளிசையை எடுத்துவிட்டுத்தான்.