வைப்புத்தொகையை உடைக்க வேண்டாம்: நீண்ட இடைவெளிக்குப் பின் பிசியோதெரபி

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் தம் மகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மகள் பிசியோதெரபியில் இளநிலைப் பட்டமான பி.பி.டி. முடித்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். 2016-இல் முதல் பிரசவத்தோடு நின்றுவிட்டார். இப்போது ஸ்ரீரங்கத்தில் குடித்தனம். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள். மீண்டும் தொழிலுக்குத் திரும்ப ஆசைப்பட்டு விண்ணப்பித்த இடங்களில், "இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டதோடு சரி, மறுபடி கூப்பிடவில்லை. சம்பந்தி வீட்டில் முதுநிலைப் பட்டமான எம்.பி.டி. படித்தால்தான் மதிப்பு என்கிறார்கள். சித்தப்பாவோ, மருத்துவப் பதிவுகளைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் வேலை என்கிறார். "என் வைப்புத்தொகையை எடுத்து எம்.பி.டி.யில் சேர்த்துவிடலாமா?" என்பது தந்தையின் கேள்வி.

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அந்த வைப்புத்தொகையில் கை வைக்காதீர்கள்.

கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும், விளையாட்டுக் காயம், நரம்பியல் என ஒரு துறையில் ஆழ இறங்க வேண்டும் என்ற தெளிவு இருப்பவருக்கு எம்.பி.டி. நல்ல படிப்பு. நோயாளியைப் பார்ப்பதற்கு பி.பி.டி.யே போதுமான தகுதி. உங்கள் மகளிடம் குறைவது இன்னொரு பட்டமல்ல. கைப்பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, நடுவில் மாறிய சில விஷயங்கள் தெரியாமல் இருக்கின்றன. அதைச் சரிசெய்ய இரண்டு ஆண்டும் பல லட்சமும் செலவழிப்பது அதிகப்படி. தவிர, படித்து முடித்து வெளியே வரும்போது அதே மருத்துவமனைகள் அவரை இருபத்தைந்து வயதுக்காரர்களோடு ஒரே வரிசையில்தான் நிற்கவைக்கும். சம்பந்தி வீட்டுக்கு மதிப்பு வேண்டுமென்றால் அதற்கு உங்கள் முதுமைக்கான பணம் விலையாகக் கூடாது. மெடிக்கல் கோடிங் பற்றி ஊரே பேசுகிறது. நான் சேர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மாமனாருக்குப் பக்கவாதம் வந்தபோது கட்டிலிலிருந்து எழுப்பி வாசல் வரை நடக்கவைத்தது இவள்தான்." இதை ஏன் முதல் வரியாக எழுதவில்லை? விண்ணப்பத்தில் அதை வேலை அனுபவம் என்று காட்ட முடியாது, உண்மைதான். ஆனால் அவருடைய மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் முதியவர்களைப் பார்க்கும் பிசியோதெரபிதான் அவருக்கான வழி.

அதற்கு முன் ஒரு பழகுகாலம் தேவை. பிரிட்டனில் இதற்கு விதியே உண்டு. இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை தொழிலை விட்டிருந்தவர் 30 நாளும், ஐந்தாண்டைத் தாண்டியவர் 60 நாளும் தம்மைப் புதுப்பித்துக்கொண்ட பிறகே மறுபடி பதிவுபெற முடியும். ஒரு நாள் என்பது ஏழு மணி நேரம். வீட்டில் தனியாகப் படிப்பது அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது. இந்தக் கணக்கை உங்கள் மகள் தாமாகவே எடுத்துக்கொள்ளட்டும். திருச்சியில் நல்ல பிசியோ ஒருவரிடம், சம்பளம் கேட்காமல், காலை நேரத்தில் உடன் நின்று பார்க்க அனுமதி கேட்கலாம். முதலில் பார்ப்பது, பிறகு அவர் கண்முன்னே செய்வது. பழைய வகுப்புத் தோழிகளில் யாராவது இன்று சொந்தமாக கிளினிக் வைத்திருப்பார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

படிக்கவும் நிறைய இருக்கிறது. அவர் வேலை பார்த்த காலத்தில் மூட்டுத் தேய்மானத்துக்கு அல்ட்ராசவுண்டும், ஐ.எஃப்.டி. என்ற மின்னோட்டச் சிகிச்சையும் வைத்து அனுப்பியது சாதாரணம். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூட்டுத் தேய்மானத்துக்கு இத்தகைய மின்சிகிச்சைகளைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. உடற்பயிற்சிதான் முதல் சிகிச்சை. நம் ஊரில் பல இடங்களில் இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அது வேறு கதை. வீட்டுக்கு வீடு போகிறவருக்கு இந்த மாற்றம் லாபம்: சுமந்து செல்ல இயந்திரம் வேண்டாம்.

இனி அந்த வேலையைக் கிட்டத்தில் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். ஸ்ரீரங்கத்தில் மகனும் மகளும் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெரியவர்கள் மட்டும் வாழும் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர், பக்கவாதத்தில் மீண்டவர், பார்க்கின்சன் நோயாளி, ஒருமுறை விழுந்த பயத்தில் வீட்டைவிட்டு வெளியே வராதவர் என்று எல்லோருக்கும் பிசியோ தேவை.

முதல் நாள் போனவுடன் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்றபின் மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால், அவர் விழுந்ததற்குக் கால் பலவீனம் மட்டுமே காரணமாக இருக்காது. மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் பேசியாக வேண்டும். அடுத்து நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பிவந்து உட்காரச் சொல்லிக் கைக்கடிகாரத்தில் நேரம் பார்ப்பது. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று பொருள். பிறகு வீட்டைச் சுற்றி ஒரு நடை. கட்டிலிலிருந்து குளியலறை வரை இரவில் விளக்கு உண்டா, நிலைப்படி எவ்வளவு உயரம், மிதியடி வழுக்குகிறதா, பாட்டியின் புடவைக் கொசுவம் காலில் தட்டுகிறதா? மருத்துவமனை அறையில் நிற்கும் பிசியோவுக்கு இவையெல்லாம் கண்ணில் படாது.

நியூசிலாந்தில் உருவான ஒட்டாகோ பயிற்சித் திட்டத்தை அவர் கற்றுக்கொள்ளட்டும். கால் தசைக்கும் சமநிலைக்கும் வாரத்தில் மூன்று முறை அரைமணி நேரப் பயிற்சி, அதோடு நடை. ஆய்வுகளில் முதியவர்கள் விழுவது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருக்கிறது. தேவைப்படுவதெல்லாம் கணுக்காலில் கட்டும் எடையும் உறுதியான ஒரு நாற்காலியும்தான்.

எதைத் தொடக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். மூட்டு மாற்றியவருக்குக் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் தேய்த்துவிடக் கூடாது. ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

செலவு? ரத்த அழுத்தக் கருவி, பல்ஸ் ஆக்சிமீட்டர், மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கோணமானி, ரப்பர் பட்டைகள், நோயாளியைப் பிடித்து நடத்த இடுப்புப் பட்டை. ஒரு பையில் அடங்கிவிடும். கிளினிக் வாடகைக்கு எடுப்பது, கடனில் இயந்திரம் வாங்குவது இரண்டையும் முதல் ஆண்டில் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். கட்டணத்தை முதல் நாளே பேசிவிட வேண்டும். பக்கத்துத் தெரு, தெரிந்த குடும்பம் என்று இலவசமாகத் தொடங்கினால் பிறகு கேட்க வாய் வராது. முதல் முறை போகும்போது அந்த வீட்டில் இன்னொருவர் இருப்பதை உறுதிசெய்துகொள்ளட்டும். பிசியோதெரபி போன்ற மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில மன்றத்தில் பதிவு செய்வதையும் தள்ளிப்போட வேண்டாம்.

மாதச் சம்பளம்தான் வேண்டும் என்றால் அதற்கும் இதே அனுபவம் உதவும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் பிசியோக்கள் இருக்கிறார்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் வேலை அறிவிப்புகளை மாவட்ட இணையதளத்தில் பார்த்துவரலாம். ஒப்பந்த வேலைதான் என்பதைத் தெரிந்துகொண்டே விண்ணப்பியுங்கள்.

ஒரு கேள்வி. சம்பந்தி சொன்னது இருக்கிறது, சித்தப்பா சொன்னது இருக்கிறது, நீங்கள் நினைப்பதும் இருக்கிறது. உங்கள் மகள் என்ன சொன்னார் என்பது கடிதத்தில் எங்கும் இல்லையே? அடுத்த கடிதத்தை அவரே எழுதட்டும். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் எத்தனை மணி அவர் கையில் மிஞ்சும், வண்டியில் எவ்வளவு தூரம் போய்வர முடியும், எந்த நோயாளியைத் தொட இன்னும் தயக்கமாக இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். முதலில் எந்தப் பிரிவில் உடன் நின்று பழகுவது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.