ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சி தெரியுமா?

ஏற்காட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்து சேலத்தில் ஸ்கேன் எடுத்திருக்கிறீர்கள். "எல்லாம் சரி" என்றதோடு மருத்துவர் நிறுத்திக்கொண்டார், பிறப்புறுப்பைப் பார்த்தாரா என்று கேட்கிறீர்கள்.

பார்த்திருப்பார். சுமார் 9 வாரம் வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரிச் சிறு மொட்டுதான். 12 வாரத்துக்குப் பிறகே வேறுபாடு படத்தில் தெரியத் தொடங்கும். 20-ஆம் வாரத்தில் வடிவம் தெளிவு, குழந்தை காலை மடக்கிக்கொண்டு அடம்பிடிக்காவிட்டால்! ஆண் குழந்தையின் விரைகள் பைக்குள் இறங்குவதோ பெரும்பாலும் 26 வாரத்துக்கு மேல்தான். அதனால் இப்போது பை வெறுமையாக இருந்தாலும் அது குறையல்ல. கூடவே சிறுநீரகங்கள், சிறுநீர்ப்பை நிரம்பிக் காலியாவது, பனிக்குட நீரின் அளவு ஆகியவற்றையும் பார்ப்பார்கள்.

பாலினத்தை மட்டும் சொல்ல மாட்டார்; 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதே சேலத்தில்தான் என்பதை நினைத்தால் எனக்கு அந்த மௌனம் நியாயமாகவே படுகிறது. வளர்ச்சியில் கோளாறு தென்பட்டிருந்தால் மறைக்காமல் மறு ஸ்கேனுக்கு அழைத்திருப்பார்.