யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சுற்றியும் காலை நடையிலும் என்னென்ன உயிரினங்களைப் பார்க்கிறீர்கள்?

“யாழ்ப்பாணத்தில் பெரிய காடும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை, அங்கே இருப்பவர்கள் அன்றாடம் என்ன உயிரினங்களைப் பார்ப்பார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே பார்க்கிறோம். இங்கே காட்டின் வேலையைப் பெரும்பாலும் வேலியும் பனையும் பரவைக்கடலும் (ஆழமில்லாத நீரேரி) செய்கின்றன. அந்த மூன்றின் ஓரமாக நடந்தாலே போதும்.

நான் கோப்பாய்ப் பக்கம் இருக்கிறேன். எங்கள் வீட்டு வளவுக்கு மூன்று புறமும் மதில். கோடிப்புறத்தில், அதாவது வீட்டின் பின்பக்கத்தில் மட்டும் பழைய உயிர்வேலி மிஞ்சியிருக்கிறது: கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக (துளிர்க்கும் கிளைத்தடியாக) நட்டு, இடையிடையே பனையோலை வைத்து அடைத்தது. வளவுக்குள் வரும் உயிர்களில் பெரும்பாலானவை அந்த ஒரு பக்கத்தால்தான் வருகின்றன. மதிலில் ஓணான் வெயில் காயும், காகம் குந்தும், அணில் ஓடும், அவ்வளவுதான். வேலியடியில் செண்பகம் நடந்து போகும். இறக்கை இருந்தும் நடையை விரும்புகிற பறவை அது. செங்கல் நிற இறக்கை, கறுத்த உடல், இரத்தச் சிவப்பில் கண். மழைக்குப் பிறகு நத்தைகள் வெளிப்பட்டால் அவற்றைப் பொறுக்கித் தின்பதற்கென்றே வரும். நத்தை தின்று கீரைப்பாத்தி அழிகிறது என்று மருந்து தேடுகிறவர்கள் முதலில் செண்பகத்துக்கு ஒதுங்க ஒரு புதர் விட்டுவையுங்கள்.

கீரி வருவதும் அதே வழியால்தான். புலுனிக் (தவிட்டுக்குருவி) கூட்டம் வேலியடிச் சருகைக் கிண்டிக்கொண்டே வரும். ஒரு விஷயம் சொல்கிறேன், உபயோகப்படும்: புலுனிகள் எல்லாம் சேர்ந்து ஓரிடத்தைப் பார்த்து விடாமல் கத்தினால் அங்கே பூனை இருக்கும், அல்லது பாம்பு இருக்கும். எங்கள் அம்மா குசினிக்குள் இருந்தபடியே அந்தச் சத்தத்தைப் பிரித்தறிவார். “பிள்ளை, கோடிக்குள் ஏதோ நிற்கிறது, செருப்புப் போட்டுக்கொண்டு போ” என்பார். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சாரைப்பாம்பு. தை மாசியில் முள்முருக்கு இலை உதிர்த்துச் சிவப்பாகப் பூக்கும்போது மைனா, தேன்சிட்டு, இரட்டைவால் குருவி எல்லாம் அந்த ஒரு மரத்தில் சண்டை பிடிக்கும்.

கனடாவில் இருக்கும் அண்ணா கோடிப்புறத்துக்கும் மதில் கட்டக் காசு அனுப்புவதாக ஒவ்வொரு வருடமும் சொல்கிறார். வேண்டாம் என்றே சொல்லி வருகிறேன். எங்கள் ஒழுங்கையில் வேலி மிஞ்சியிருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளில்தான். களவுப் பயம், ஓலை கட்டக் கூலி, ஆள் தட்டுப்பாடு என்று எல்லோருக்கும் காரணம் உண்டு, நியாயமான காரணங்கள்தான். ஆனால் மதில் கட்டுகிறவர்கள் அடியில் ஓரிரு ஓட்டையாவது விட்டுக் கட்டினால் கீரிக்கும் ஆமைக்கும் தவளைக்கும் வழி இருக்கும். மேசனிடம் சொன்னால் செய்து தருவார். மதிலுக்கு உட்புறமாக ஒரு வரிசை பூவரசு நட்டால் இன்னும் நல்லது.

இனிப் பனை. எங்கள் வளவில் சில பனைகளும் பின்னால் ஒரு சிறு வடலிக் (இளம்பனை) கூடலும் இருக்கின்றன. அந்தியில் அவற்றைச் சுற்றிக் கீச்சிட்டபடி சுழலும் மெல்லிய சாம்பல் நிறக் குருவிகள் பனை உழவாரன்கள். அவற்றின் கூட்டை நான் கிட்டப் பார்த்தது ஓலை வெட்டிய ஒரு நாளில். மேலே ஏறிய ஐயா ஓர் ஓலையை மட்டும் மற்றவற்றோடு விழவிடாமல் கையில் பிடித்தபடி இறக்கினார். “இதைப் பாருங்கள் தங்கச்சி” என்று காய்ந்த ஓலையைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கத்து மடிப்பில் பஞ்சும் சிறு இறகுகளும் எச்சிலால் ஒட்டிய ஒரு சின்னத் தட்டு, உள்ளங்கையில் பாதிகூட இல்லை. உள்ளே இரண்டு வெள்ளை முட்டைகள். ஓலை காற்றில் அப்படி ஆடியும் முட்டை ஏன் விழுவதில்லை என்று கேட்டேன். முட்டையையும் எச்சிலால் ஒட்டித்தான் வைக்கும் என்றார். மெல்லத் தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை. அந்தக் கூடு போனது போனதுதான். வெட்டிய ஓலையை மறுபடி மரத்தில் கட்டியும் தாய் திரும்பவில்லை. அன்றிலிருந்து வெட்டும்போது தொங்கும் பழைய காவோலைகளில் சிலவற்றை மரத்திலேயே விடச் சொல்கிறோம். அவை கிடந்தால் வளவு துப்புரவில்லாமல் தெரியும் என்று சொல்கிறவர்களும் உண்டு. தெரியட்டும்.

மரங்கொத்தியையும் பனையில்தான் தேட வேண்டும். இலங்கையின் தென்பகுதியில் உள்ள மரங்கொத்திக்கு முதுகு சிவப்பு. நமக்கு இங்கே வருவது பொன்மஞ்சள் முதுகுடையது. வடக்கில் வாழும் இந்தக் கிளையினத்தின் அறிவியற் பெயரிலேயே யாழ்ப்பாணம் இருக்கிறது: டைனோபியம் பெங்காலென்ஸ் ஜாஃப்னென்ஸ். தெற்கிலிருந்து வரும் பறவை ஆர்வலர்கள் இதைப் பார்க்கக் காத்துக் கிடப்பார்கள். நாமோ நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. பளை, முகமாலைப் பக்கம் போரில் ஷெல் பட்டுத் தலை போன பனைகள் வெறும் தண்டாக நின்றதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி நிற்கும் பட்ட மரங்களைத்தான் மரங்கொத்தி குடையும். அது விட்டுப்போன பொந்தில் கிளியும் மைனாவும் குஞ்சு பொரிக்கும். வளவில் ஒரு பட்ட தென்னையோ பனையோ வீட்டுக்கும் மின்கம்பிக்கும் ஆபத்தில்லாத இடத்தில் நின்றால் அதை விறகுக்குத் தறிக்காதீர்கள்.

இரவில் பார்ப்பவை குறைவு, கேட்பவை அதிகம். பனம்பழக் காலத்தில் மரநாய் கூரையில் ஓடும். கறுத்தக் கொழும்பான் மாமரம் பழுத்தால் வௌவால்கள் பங்கு கேட்கும். கொடுத்துவிடுவோம், உச்சிக் கிளைப் பழம் எப்படியும் நமக்கு எட்டாது. மாரியில் தவக்கைச் (தவளை) சத்தத்தில் தொலைபேசி பேச முடியாது. கிணற்றடித் தொட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வாழை இலையில் ஒரு கார்த்திகை மாதம் சவர்க்கார நுரை போல வெள்ளையாக ஒரு கட்டி தொங்கியது. மரத்தேரையின் கூடு அது. நுரைக்குள் முட்டை பொரித்து வாற்பேத்தைகள் கீழே உள்ள தண்ணீரில் விழும். அது முடியும்வரை தொட்டியைக் கழுவாமல் விட்டு, வாளியில் அள்ளிக் குளித்தோம்.

பாம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் விஷயம். நாகபாம்பு, கண்ணாடிப் புடையன், கட்டுவிரியன் மூன்றும் குடாநாட்டில் உண்டு. மணற்பாங்கான கரையோரங்களில் சுருட்டைப் பாம்பும் இருக்கிறது. நாகத்தை நாகதம்பிரானாகக் கும்பிடுகிற ஊர் என்பதால் பலர் அதை அடிப்பதில்லை. அந்த மரியாதையில் பாதியைச் சாரைப்பாம்புக்கும் கொடுக்கலாம். அதற்கு விஷமே இல்லை, எலி தின்று நமக்கு நெல்லை மிச்சம் பிடித்துத் தருகிறது. கட்டுவிரியன்தான் கவனிக்க வேண்டியது. இரவில் உலாவும், தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம். இரவில் வெளியே போக டோர்ச் எடுங்கள், தரையில் படுத்தால் நுளம்பு வலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். கடித்துவிட்டால் மந்திரித்துப் பார்வை பார்ப்பதில் நேரம் போக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போரினால் 1990 முதல் மக்கள் நுழைய முடியாமல் இருந்த வலிகாமம் வடக்குக் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, உறவினர் ஒருவரின் காணியைப் பார்க்க நாங்களும் போனோம். வீட்டின் சுவர் நடுவே ஆலமரம் எழும்பியிருந்தது. முற்றம் முழுவதும் பற்றை. அதற்குள்ளிருந்து கவுதாரி விடாமல் கூவியது. மாமி அந்தப் பற்றையைப் பார்த்து அழுதார். பறவை நிறைய இருக்கிறதே என்று சந்தோஷப்பட எனக்கு அந்த இடத்தில் மனம் வரவில்லை. மனிதரை விரட்டி வளர்ந்த காடு வேறு, மனிதரோடு வளர்கிற வேலி வேறு.

காலை நடைக்கு நான் போவது கோப்பாய்–கைதடி வீதி. வயலும் உப்புத் தரவையும் (உவர் வெளி) தாண்டி, நீரேரியைக் குறுக்கே கடந்து போகும் வீதி அது. மாரி பெய்து தண்ணீர் நின்றால் இரு பக்கமும் பறவைதான்: இளஞ்சிவப்புக் காலோடு நெடுங்கால் உள்ளான்கள், வெள்ளைக் கொக்குகள், பக்கத்தில் போகும்வரை கண்ணுக்கே தெரியாத குருட்டுக்கொக்கு, தண்ணீருக்குள் அலகைத் திறந்தபடி வைத்து நடக்கும் மஞ்சள் மூக்கு நாரை. கோடையில் அதே இடம் வெடித்து வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். அப்போது ஆட்காட்டியைப் பார்க்கலாம்.

ஆட்காட்டி கத்துவதைக் கேட்டிருப்போம், அதன் கூட்டைப் பார்த்தவர்கள் குறைவு. கூடு என்று ஒன்று இல்லை. வெறும் தரையில் சிறு பள்ளம், சுற்றிலும் பொறுக்கி வைத்த கற்களும் ஆட்டுப் பிழுக்கையும், நடுவே நான்கு முட்டைகள், கூர் நுனிகள் உள்நோக்கி. மண்ணிறத்தில் கறுப்புத் திட்டு. ஓர் அடி தள்ளி நின்றாலும் கண் பிடிக்காது. தாய் தலைக்கு மேல் வந்து வந்து கத்தியதால்தான் நான் நின்று பார்த்தேன். தள்ளிப் போய் வீதியோரம் உட்கார்ந்த பிறகு அது இறங்கி வந்தது. ஆனால் முதலில் முட்டைக்கு வரவில்லை. பக்கத்துக் குழியில் மிஞ்சியிருந்த தண்ணீருக்குள் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு, அந்த ஈரத்தோடு வந்து முட்டைகள் மேல் அமர்ந்தது. வெயிலில் முட்டை வெந்துவிடாமல் குளிரப் பண்ணுகிற வழி. அந்தத் தரவையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகுகிற தம்பிமாரிடம் சொன்னேன். இரண்டு கல்லை அடையாளமாக வைத்துவிட்டு அவர்கள் அடுத்த பக்கம் போனார்கள். கேட்டால் கேட்கிற பிள்ளைகள்தான், யாரும் சொல்வதில்லை. அதே தரவைக்கு ஐஸ்கட்டிப் பெட்டியும் பொலித்தீனும் கொண்டுவந்து கொட்டுகிற பெரியவர்களிடம்தான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

ஐப்பசி அளவில் இந்தியாவிலிருந்து வலசை வருபவை வந்து சேரும். கோடியக்கரையிலிருந்து நம் வடகரைக்குக் கடல்வழி 60 கிலோமீற்றர் அளவுதான், ஆனாலும் ஒரு சிறு பறவைக்கு இரவுப் பயணம் அது. அப்படி வருவதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, தோளில் பளிச்சென்ற நீலம், கண்ணுக்குக் குறுக்கே கறுத்த பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு, கட்டை வால். விடியலிலும் பொழுதுபடும்போதும் இரண்டு சீழ்க்கையாகக் கூவும். வந்த புதிதில் களைத்துப்போய்க் கிணற்றடியிலும் விறாந்தையிலும் அசையாமல் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை ஏதோ வளர்ப்புப் பறவை தப்பி வந்துவிட்டது என்று கூட்டில் அடைக்கப் பார்த்தார். கண்டால் செய்ய வேண்டியது சுலபம்: பூனையைத் தள்ளி வையுங்கள்; ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள்; பொழுதுபடும்போது மரத்தடியில் திறந்துவிடுங்கள். பழமோ சோறோ ஊட்டாதீர்கள், அது புழு பூச்சி தின்னும் பறவை. சித்திரை அளவில் திரும்பிப் போய்விடும்.

பூநாரை, ஊசிவால் வாத்து முதலியவை அன்றாடக் காட்சி இல்லை, போய்ப் பார்க்க வேண்டும். மார்கழி முதல் மாசி வரை அரியாலை, மண்டைதீவுப் பக்கத்துப் பரவைக்கடலில் வாய்ப்பு உண்டு. கூட்டமாகப் பார்ப்பதென்றால் ஆனையிறவுக்குக் கிழக்கே சுண்டிக்குளம். 1938 இலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு, 2015 இல் தேசிய பூங்காவான இடம்.

வெளியூரிலிருந்து வருவதானால் தை மாசியில் வாருங்கள். பஸ்ஸில் கோப்பாய்ச் சந்தியில் இறங்கி, வெயில் ஏறுமுன் கைதடி நோக்கி நடந்தால் போதும். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, இருந்தால் ஒரு தொலைநோக்கி. மின்கம்பியில் பனங்காடையும் கரிய இரட்டைவால் குருவியும் இருக்கும். இந்தக் கரிய இனத்தைக் கொழும்பில் தேடிப் பிரயோசனமில்லை. பட்டம் விடும் காலம் முடிந்த நேரமாதலால் வேலிகளிலும் நீரேரியோரக் கண்டல் மரங்களிலும் நைலோன் நூல் சிக்கிக் கிடக்கும். கையில் ஒரு சிறு கத்தரிக்கோல் இருந்தால் வழியில் காண்பதை வெட்டிச் சுருட்டி எடுத்து வாருங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன், வௌவாலும் கொக்கும் அதில் மாட்டுகின்றன.